விசாரிக்கப்படாத கொலை: கிரேஸ் மார்க்ஸும் நாமும்

1843 நவம்பர் 3, 4 ஆகிய நாட்களில் கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு கொலை வழக்கு நடந்தது. கொல்லப்பட்டவர்கள் இரண்டு பேர். தாமஸ் கின்னியர் என்ற ஸ்காட்லாந்துக் கனவான் ஒருவர். அவருடைய வீட்டை நிர்வகித்துவந்த நான்சி மாண்ட்கோமரி என்ற பெண் இன்னொருவர். குற்றம் சாட்டப்பட்டவர்களும் இரண்டு பேர்: ஜேம்ஸ் மெக்டர்மாட் என்ற வேலைக்காரன், கிரேஸ் மார்க்ஸ் என்ற வேலைக்காரச் சிறுமி. கின்னியர் கொலை வழக்கில் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நான்சி கொலை வழக்கு விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. ஏற்கெனவே தூக்குக்குப் போகிறவர்களை இன்னொரு முறை விசாரித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

சட்டத்தின் கணக்கில் அது நியாயமாகவே தோன்றும். ஒரு கழுத்துக்கு ஒரு கயிறு போதும். ஆனால் இரண்டு சடலங்களும் ஒரே வீட்டின் நிலவறையில் கிடந்தன. அவற்றில் எது முதலில் நீதிமன்றத்துக்கு வந்தது, எது வராமலேயே போனது என்பதில் அந்தச் சமூகத்தின் மனம் தெரிகிறது. எஜமானின் சாவு வழக்கானது. அவரிடம் சம்பளம் வாங்கியவளின் சாவு அந்த வழக்கின் பின்னணியாகச் சுருங்கியது.

கிரேஸ் மார்க்ஸ் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியை 180 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மார்கரெட் அட்வுட் 1996இல் எழுதிய 'ஏலியஸ் கிரேஸ்' நாவலுக்குப் பிறகு உலகெங்கும் பெண் வாசகர்களும் அந்தக் கேள்வியில் சேர்ந்துகொண்டார்கள். 2017இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நாவலின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தால், நம் காவல்துறைக் குறிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் அடைப்புக்குறிக்குள் போடும் '(எ)' என்ற ஒற்றை எழுத்துதான் நினைவுக்கு வருகிறது. இன்னார் (எ) இன்னார். அந்த எழுத்து ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட உடனே பாதி தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. இரண்டு பெயர் வைத்திருப்பவள் எதையோ மறைக்கிறாள் என்று நாம் முடிவுசெய்துவிடுகிறோம். கிரேஸ் தப்பி ஓடியபோது தன் பெயரை மேரி விட்னி என்று சொன்னாள். அந்தப் பொய்ப்பெயர்தான் நாவலின் விதை.

இந்தக் கட்டுரையில் கிரேஸ் குற்றவாளியா என்ற கேள்விக்கு நான் பதில் தேடப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், அந்தக் கேள்வியை யார் யார் எந்தத் தேவைக்காகக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நடந்தது என்ன

உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். கிரேஸ் வட அயர்லாந்தைச் சேர்ந்தவள். தகப்பனார் கல்தச்சர். குழந்தைகள் நிறைந்த குடும்பம். 1840 வாக்கில் பிழைப்புத் தேடி அவர்கள் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். வந்து சேர்ந்ததும் கிரேஸ் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டாள். அப்போது அவளுக்கு 13 வயது இருக்கும். அந்த நூற்றாண்டின் கனடாவில் கூலிக்கு உழைத்த பெண்களில் பலர் செய்த வேலை அதுதான். வீடு மாறி வீடு வேலை பார்த்து, 1843இல் டொராண்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில் பகுதியில் இருந்த கின்னியரின் பண்ணைவீட்டுக்கு வந்தாள்.

கின்னியர் மணமாகாதவர். நான்சி அங்கே வீட்டு நிர்வாகி. அவருடைய காதலியும் அவள்தான் என்று ஊருக்குத் தெரியும். நான்சிக்கு முன்பே திருமணத்துக்கு வெளியே ஒரு குழந்தை பிறந்திருந்தது. பிரேதப் பரிசோதனையில் அவள் மறுபடியும் கர்ப்பமாக இருந்தது தெரியவந்தது. மெக்டர்மாட் புதிதாகச் சேர்ந்த ஆள். அயர்லாந்துக்காரன், முன்னாள் சிப்பாய். நான்சி அவனை வேலையைவிட்டு நிற்கச் சொல்லியிருந்தாள்.

கிரேஸ் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த ஜூலை மாதத்தில், கின்னியர் வெளியே போயிருந்த நேரத்தில் நான்சி கோடரியால் தாக்கப்பட்டு, நிலவறையில் கழுத்து நெரிக்கப்பட்டாள். திரும்பிவந்த கின்னியர் சுடப்பட்டார். மெக்டர்மாட்டும் கிரேஸும் வீட்டிலிருந்த விலையுயர்ந்த பொருட்களை எடுத்துக்கொண்டு கின்னியரின் வண்டியிலேயே டொராண்டோ போய், அங்கிருந்து ஏரியைக் கடந்து அமெரிக்கக் கரையில் உள்ள லூயிஸ்டனுக்குத் தப்பினார்கள். அங்கேயே பிடிபட்டார்கள். தன் வாக்குமூலத்தில் கிரேஸ் சொன்ன கணக்குப்படி, கொலை நடந்த அதே ஜூலையில்தான் அவளுக்கு 16 வயது முடிந்திருந்தது.

மெக்டர்மாட் 1843 நவம்பர் 21 அன்று தூக்கிலிடப்பட்டான். கிரேஸின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. கிங்ஸ்டன் சிறையிலும், 1852–53இல் சில காலம் டொராண்டோ மனநல விடுதியிலுமாக ஏறக்குறைய 29 ஆண்டுகள் அடைபட்டிருந்தாள். 1872இல் மன்னிப்பு கிடைத்தது. நியூயார்க் மாநிலத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எந்தத் தடயமும் இல்லை.

நிலவறையில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இரண்டே பேர்தான். ஒருவன் தூக்குமேடை ஏறும்வரை கிரேஸைத்தான் குறை சொன்னான். அவள்தான் தூண்டினாள், கழுத்தை நெரிக்கத் துணி கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான் என்றான். கிரேஸோ அவன் தன்னையும் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதாகச் சொன்னாள். நான்சியின் சாவைப் பற்றி கிரேஸ் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறாள், மெக்டர்மாட் இரண்டு விதமாக.

மூன்று கிரேஸ்கள்

ஒரு பெண் குற்றம் செய்தாளா என்று கேட்கும்போது ஆண்களின் சமூகம் முதலில் தேடுவது, அவள் எந்த வகைப் பெண் என்பதை. கிரேஸ் விஷயத்தில் மூன்று வகைகள் தயாராக இருந்தன.

முதலாவது, மயக்குக்காரி. அயர்லாந்துக்காரி, ஏழை, அழகி. எஜமான்மேல் ஆசைப்பட்டு, நான்சிமேல் பொறாமைப்பட்டு, தன் உடலைக் காட்டி ஒரு முரடனைக் கொலைக்குத் தூண்டியவள். பத்திரிகைகளுக்கு இந்தக் கிரேஸ் பெரும் விருந்து. மேல் கனடாவில் 1837ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நடந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. வேலைக்காரர்கள் எஜமானைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி, சொத்துள்ள ஒவ்வொரு வீட்டையும் நடுங்கவைத்திருக்கும். பழமைவாதப் பத்திரிகைகள் கிரேஸைக் கடுமையாகச் சாடின. சீர்திருத்தம் பேசியவர்கள் இரக்கம் காட்டினார்கள். ஆக, ஒரு சிறுமியின் குற்றம் ஊரின் அரசியல் சண்டைக்கும் களமாகிவிட்டது.

இரண்டாவது, பேதை. அவளுடைய வழக்கறிஞர் கென்னத் மெக்கென்சியும் மதிப்புக்குரிய கனவான்கள் சிலரும் அவள் உயிரைக் காப்பாற்ற மனுப் போட்டார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள்: சின்னவள், பெண் என்பதால் பலவீனமானவள், போதிய புத்தி இல்லாதவள். அந்த மனு அவள் கழுத்திலிருந்து கயிற்றை எடுத்தது. அதற்கு அவள் கொடுத்த விலை, தனக்குப் புத்தி கிடையாது என்று பிறர் எழுதியதை வாய்மூடி ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, பைத்தியம். இந்தக் கிரேஸை உருவாக்கியவர் ஒரு பெண் எழுத்தாளர். இங்கிலாந்திலிருந்து கனடாவில் குடியேறிய சூசன்னா மூடி, கிரேஸை முதலில் கிங்ஸ்டன் சிறையிலும் பிறகு டொராண்டோ மனநல விடுதியிலும் பார்த்தார். 1853இல் வெளியான தன் நூலில் அந்தக் கொலைக் கதையையும் சொன்னார். கேள்விப்பட்டதை நினைவிலிருந்து எழுதியவர், அதற்கு மசாலாவும் சேர்த்தார். நான்சியின் உடலை நான்கு துண்டாக வெட்டினார்கள் என்று எழுதினார். அப்படி நடக்கவே இல்லை. செத்தவளின் ரத்தம் கட்டிய கண்கள் கிரேஸைத் துரத்துவதாக எழுதினார். டிக்கன்ஸ் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்தக் கண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியும். மயக்குக்காரி என்ற முதல் பெட்டியில் கிரேஸை வைத்த அவரே, மனநல விடுதியில் அவள் அலறுவதைப் பார்த்த பிறகு, தொடக்கத்திலிருந்தே இவள் பைத்தியமாக இருந்திருக்கலாம், அதனால் பாவம் மன்னிக்கப்படலாம் என்று ஆறுதல் தேடினார்.

இந்த மூன்று பெட்டிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மயக்குக்காரிக்கு உடல் மட்டும் இருக்கிறது. பேதைக்குப் புத்தி இல்லை. பைத்தியத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. யோசித்து, பயந்து, கணக்குப்போட்டு, தவறாகவோ சரியாகவோ முடிவெடுக்கக்கூடிய ஒரு 16 வயதுப் பெண் இந்த மூன்றிலும் இல்லை. அவளைத் தூக்கிலிடச் சொன்னவர்களுக்கும் அவள் தேவைப்படவில்லை, காப்பாற்ற வந்தவர்களுக்கும் தேவைப்படவில்லை.

நாவல் செய்வது

அட்வுட் இந்தக் கதையை முதலில் மூடியின் வழியாகத்தான் அறிந்தார். அதை வைத்து அவர் எழுதிய தொலைக்காட்சி நாடகம் 1974இல் ஒளிபரப்பானது. அதன் தலைப்பு 'வேலைக்காரப் பெண்' என்று பொருள்படும். அதில் கிரேஸ் மூடி சொன்னபடியே தூண்டியவளாக வந்தாள். பிறகு பழைய செய்தித்தாள்கள், சிறைப் பதிவுகள், கடிதங்கள் என்று மூல ஆவணங்களைத் தேடிப் படித்தபோது, மூடியின் கதையை அப்படியே நம்ப முடியாது என்று தெரிந்தது. 20 ஆண்டுகளுக்குப் பிறகு நாவல் எழுத உட்கார்ந்தபோது தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். உறுதியான தகவல் இருக்கும் இடத்தில் அதை மாற்றக் கூடாது. ஆவணம் வாய்மூடும் இடத்தில் கற்பனை செய்யலாம். எனவே நாவலில் நிலவறையின் கதவு கடைசிவரை முழுதாகத் திறப்பதில்லை.

பெண் வரலாறு எழுதும் யாருக்கும் இந்த விதியில் ஒரு பாடம் இருக்கிறது. ஏழைப் பெண்களைப் பற்றிய ஆவணம் பெரும்பாலும் அவர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டபோதுதான் உருவாகிறது. நீதிமன்றம், சிறை, மருத்துவமனை, பிணவறை. கிரேஸ் வீட்டைப் பெருக்கி, துணி துவைத்து, பால் கறந்து வாழ்ந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. அவள் கைதான பிறகுதான் அவள் கண்ணின் நிறத்தைக்கூட ஊர் குறித்துவைத்தது.

நாவலின் கதை 1859இல் நிகழ்கிறது. சைமன் ஜோர்டான் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் (இவர் கற்பனைப் பாத்திரம்) கிரேஸின் மறந்துபோன நினைவை மீட்டு, அவள் குற்றமற்றவள் என்று நிறுவ அழைக்கப்படுகிறார். சிறை ஆளுநர் வீட்டில் கிரேஸ் தைத்துக்கொண்டே பேசுகிறாள், அவர் குறிப்பெடுக்கிறார். நிலவறையை நினைவூட்டுவதற்காக ஒவ்வொரு நாளும் ஒரு காயோ கிழங்கோ கொண்டுவருகிறார். ஒரு பெரிய படிப்பாளி கிழங்கை முன்னால் வைத்து, இது உனக்கு எதை நினைவுபடுத்துகிறது என்று கேட்கிறார். ஆயுள் முழுக்கச் சமையலறையில் உழன்றவள் அதை வைத்து என்ன சமைக்கலாம் என்று பதில் சொல்கிறாள். எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த பகுதி இது. அவர் எதிர்பார்க்கும் பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கொடுக்கத்தான் மறுக்கிறாள்.

எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்பது அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம். சைமனுக்குப் பிடிக்கும்படி கதையைச் சுவையாக்கவும் செய்கிறாள். அவளுடைய பழைய வழக்கறிஞர் அவளை ஷெஹரசாத்தோடு ஒப்பிடுகிறார். உயிர் நீட்டிப்பதற்காக இரவெல்லாம் கதை சொன்னவளை நாம் பொய்க்காரி என்று அழைப்பதில்லை. அதே வழக்கறிஞர், தான் காப்பாற்றிய பெண் குற்றவாளிதான் என்று நம்புவதாகவும் நாவல் காட்டுகிறது.

பிற்பகுதியில் மனோவசியக் காட்சி ஒன்று வருகிறது. வசியத்தில் ஆழ்ந்த கிரேஸின் வாயிலிருந்து இறந்துபோன தோழி மேரி விட்னியின் குரல் பேசுகிறது. நானே செய்தேன், கிரேஸுக்கு எதுவும் தெரியாது என்கிறது. வசியம் செய்தவனோ கிரேஸுக்கு முன்பே தெரிந்த ஊர்சுற்றி வியாபாரி, வேடம் மாறி வந்திருப்பவன். அப்படியென்றால் இது நாடகமா, ஆவியா, பிளவுண்ட மனமா? அட்வுட் சொல்வதில்லை. சைமன் அறிக்கை எழுதாமலேயே ஊரைவிட்டு ஓடிவிடுகிறார்.

அவர் ஓடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரியோடு அவருக்கு உறவு ஏற்பட்டிருக்கிறது. குடிகாரக் கணவன் திரும்பி வரப்போகிறான் என்று தெரிந்ததும், அவனைக் கொன்றுவிடலாம் என்று அவள் சொல்கிறாள். கிரேஸின் வழக்கில் இருந்த எல்லாமே இங்கேயும் இருக்கின்றன: ஒரு வீடு, முறைதவறிய உறவு, பயம், கொலை யோசனை. படித்த ஆணுக்கு மட்டும் அடுத்த ரயிலில் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடும் வசதி இருந்தது.

குற்றத்தின் அளவுகள்

கல்லூரி மாணவியரோடு சேர்ந்து இந்த நாவலை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். இரண்டு முறையும் விவாதம் ஒரே மாதிரிதான் தொடங்கியது. பெரும்பாலானவர்கள் கிரேஸ் நிரபராதி என்றார்கள். கேட்டால், பாவம் சின்னப் பெண் என்பார்கள். இரண்டாம் முறை ஒரு மாணவி மட்டும் கடைசிவரை உடன்படவில்லை. "நான்சிக்கு என்ன வயசு அக்கா? அவளும் சின்னப் பொண்ணுதானே" என்றாள். அதற்குப் பிறகு அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கிரேஸுக்கு எதிராக இருப்பவற்றை மறைக்காமல் அடுக்கிப் பார்க்கலாம். நான்சியைக் கொல்லப்போவதாக மெக்டர்மாட் சொன்னது அவளுக்கு முன்பே தெரியும். நான்சியை எச்சரிக்கவில்லை. கின்னியர் திரும்பி வந்தபோது அவரிடமும் சொல்லவில்லை. கொலைகாரனோடு ஓடினாள். பொய்ப்பெயர் சொன்னாள். செத்தவளின் உடைகளை எடுத்துப்போனாள். மூன்று விதமாகக் கதை சொன்னாள்.

இனி அவள் நின்ற இடத்திலிருந்து பார்க்கலாம். பக்கத்தில் உறவு என்று யாரும் இல்லாத பண்ணைவீடு. கையில் கோடரியும் துப்பாக்கியும் வைத்திருக்கும் ஒரு ஆண். பிடிபட்டால் அவனோடு சேர்ந்து தானும் தூக்கில் தொங்குவோம் என்ற பயம். அந்தக் காலத்தில் சிறாருக்குத் தனி நீதிமன்றம் இல்லை. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல்தான் சிகாகோவில் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் தானே சாட்சிக்கூண்டேறிச் சத்தியம் செய்து பேசும் உரிமையும் கனடாவில் 1893 வரை இல்லை. நடுவர் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. கிரேஸின் சொற்கள் என்று நமக்குக் கிடைப்பவையெல்லாம் வழக்கறிஞரும் சிறை அதிகாரியும் பத்திரிகைக்காரரும் கேட்டு எழுதியவை. மூன்று விதமாகச் சொன்னாள் என்பதைப் பொய்க்கு ஆதாரமாக எடுக்கும்போது, மூன்று முறையும் கேட்டவர்கள் வேறுவேறு ஆட்கள், அவர்களுக்கு வேண்டியிருந்ததும் வேறுவேறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் அவள் குற்றமற்றவள் என்று நிரூபிக்கின்றனவா? இல்லை. 'குற்றவாளி', 'நிரபராதி' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே நிறைய இடம் இருக்கிறது என்று காட்டுகின்றன. பயத்தில் வாய்மூடி நிற்பது ஒரு அளவு. உயிர் பிழைக்க உடந்தையாவது இன்னொரு அளவு. செத்தவளின் உடையைப் பெட்டியில் எடுத்துவைப்பது வேறொரு அளவு. ஒருநாள்கூடப் புது உடை உடுத்தாத ஒரு வேலைக்காரச் சிறுமிக்கு அந்த உடையின்மேல் ஆசை இருந்திருக்கலாம். அந்த ஆசையைப் புரிந்துகொள்ள முடிகிறது என்பதற்காக, அது நான்சியின் உடை என்பது இல்லாமல் போகாது.

என்னுடைய முடிவு இதுதான். கிரேஸ் கொலையைத் திட்டமிட்டாள் என்று சொல்ல ஆதாரம் போதாது. அப்படிச் சொன்னவன் தன் கழுத்தைக் காக்கவோ, தன்னோடு அவளையும் இழுத்துப்போகவோ முனைந்தவன். ஆனால் அவளுக்கு எதுவும் தெரியாது, எந்தப் பொறுப்பும் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் நான்சியிடம் சொல்லவில்லை. 16 வயதில், அந்தத் தனிமையில், அந்தப் பயத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றுக்கு 29 ஆண்டுச் சிறை நியாயமான தண்டனை ஆகாது. பொறுப்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டே தண்டனை அநியாயம் என்று நம்மால் வாதாட முடியும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண்ணியவாதிகளான நாம் பல நேரம் அந்த மனு எழுதிய கனவான்களின் வழியிலேயே போய்விடுகிறோம். ஒரு பெண்ணைக் காப்பாற்ற அவளை முழுக்க நிரபராதி ஆக்கினால்தான் முடியும் என்று நினைக்கிறோம். அதற்காக அவளுடைய புத்தியையும் கோபத்தையும் ஆசையையும் பிடுங்கிவிடுகிறோம். பிறகு கோபம் உள்ள ஒரு பெண் நம் முன்னால் வந்து நிற்கும்போது அவளுக்காகப் பேச நம்மிடம் சொற்கள் இருப்பதில்லை. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 16இலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்மேல் கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவருக்கு அதைச் செய்யும் மனத்திறன் இருந்ததா, விளைவு தெரிந்திருந்ததா என்று முதலில் மதிப்பிடச் சொல்கிறது. அதன் பிறகே அவரைப் பெரியவராக விசாரிப்பதா என்று முடிவாகிறது. அங்கேயும் 'எதுவும் தெரியாத குழந்தை', 'எல்லாம் தெரிந்த கொலைகாரர்' என்ற இரண்டு ஓரங்களுக்கே வாதங்கள் ஓடும். வளரும் பருவம் என்பதே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருப்பதுதான். சிறாரின் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் அந்தப் பாதியில் நின்று பேசப் பழக வேண்டும்.

மேரி, நான்சி

மேரி விட்னிக்கு வருவோம். வரலாற்றில் அது கிரேஸ் சொன்ன ஒரு பொய்ப்பெயர் மட்டுமே. அட்வுட் அந்தப் பெயருக்கு ஒரு உடம்பு கொடுத்தார். கிரேஸ் முதலில் வேலை பார்த்த பெரிய வீட்டில் அவளுக்குத் தோழியாக இருந்தவள் மேரி. கிரேஸைவிடக் கொஞ்சம் மூத்தவள், வாய்த்துடுக்கு உள்ளவள், எஜமான்களை நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவள். சொல்லிக்கொடுத்தவளே ஏமாறுகிறாள். அந்த வீட்டு வாலிபனால் கர்ப்பமாகி, திருட்டுத்தனமாகச் செய்துகொண்ட கருக்கலைப்பில் ரத்தம் கொட்டிச் சாகிறாள். பக்கத்தில் படுத்திருந்த கிரேஸ் காலையில் அவளைப் பிணமாகக் காண்கிறாள். வீட்டின் மானத்துக்காக விஷயம் மூடப்படுகிறது. அந்தச் சாவுக்கும் வழக்கு இல்லை.

அடுத்து நான்சி. அவளும் எஜமானால் கர்ப்பமானவள்தான். மேரியைவிட அவளுக்கு வாய்த்தது, வீட்டுச் சாவிக்கொத்து, நல்ல உடைகள், கீழே இருக்கும் பெண்ணை அதட்டும் உரிமை. அவ்வளவும் கின்னியரின் விருப்பம் இருக்கும்வரைதான். கிரேஸ்மேல் நான்சிக்கு வந்த எரிச்சலை நாவலில் வாசிக்கும்போது, அதை இரண்டு பெண்களுக்கு இடையிலான பொறாமை என்று எடுத்துக்கொள்வது சுலபம். தன் இடம் எவ்வளவு சீக்கிரம் பறிபோகும் என்று தெரிந்த ஒருத்தியின் பயமாக நான் அதை வாசிக்கிறேன். எஜமானுக்கு அந்தப் பயம் இல்லை. அவர் யாரோடும் போட்டியிட வேண்டியிருக்கவில்லை.

மேரி, நான்சி, கிரேஸ் மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வாழ்க்கையின் மூன்று முடிவுகள் போலத் தெரிகிறது. ஒருத்தி கருக்கலைப்பில் செத்தாள், ஒருத்தி கோடரிக்குப் பலியானாள், ஒருத்தி சிறைக்குப் போனாள். மூவரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்திய வீட்டு அமைப்பை யாரும் விசாரிக்கவில்லை. இதைச் சொல்வதால் கோடரி தூக்கியவனின் குற்றம் குறையாது. மெக்டர்மாட் நான்சியைக் கொன்றது ஒரு பெண் தனக்கு உத்தரவு போடுவதைப் பொறுக்க முடியாத ஆத்திரத்திலும்தான். எஜமான்மேல் இருந்த வர்க்கக் கோபம் முதலில் இறங்கியது ஒரு வேலைக்காரியின் கழுத்தில்.

நாவலின் கடைசிப் பக்கங்களில் விடுதலையான கிரேஸ் தனக்கென்று ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறாள். நாவலின் பகுதிகளுக்கே அட்வுட் போர்வை வடிவங்களின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் தைத்தவள் தனக்காகத் தைப்பது அதுதான் முதல் தடவை. அதில் மூன்று துண்டுகளைச் சேர்க்கிறாள். மேரியின் உள்பாவாடையிலிருந்து ஒன்று. தன் சிறை உடையிலிருந்து ஒன்று. நான்சியின் பூப்போட்ட உடையிலிருந்து ஒன்று.

இந்த இடத்தைப் பெண்களின் ஒற்றுமைக்கு அடையாளமாகப் பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. நான்சி அந்தப் போர்வையில் சேரச் சம்மதித்தாளா? அவளைக் காப்பாற்றாதவளின் கையால், அவளிடமிருந்து எடுத்த துணியில் அவள் தைக்கப்படுகிறாள். அட்வுட்டுக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் தைப்பவள் மன்னிப்புக் கேட்பதாக நாவல் சொல்வதில்லை. நிரபராதி என்று சாதிப்பதாகவும் சொல்வதில்லை. மூன்று பெயரும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று மட்டும் அவள் முடிவெடுக்கிறாள். அதை ஒரு தீர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் டொராண்டோ நீதிமன்றம் செய்யாத ஒரு காரியத்தை அது செய்கிறது. நான்சியைக் கணக்கில் சேர்க்கிறது.

குற்றப் புனைவுகளில் இளம் பெண்ணொருத்தி கூண்டில் நிற்கும்போது, அவள் செய்தாளா இல்லையா என்ற ஆர்வத்தில் நாம் பக்கங்களைப் புரட்டுகிறோம். கிரேஸ் மார்க்ஸின் கதையை அப்படி வாசித்து முடித்தவர்கள் இன்னொரு முறை நான்சிக்காக வாசித்துப் பாருங்கள். அவள் எங்கே பிறந்தாள், முதல் குழந்தைக்கு என்ன ஆயிற்று, அந்த வீட்டைவிட்டுப் போக அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள். கிரேஸைப் பற்றி 180 ஆண்டுகளாகப் பேசியதில் நூறில் ஒரு பங்குகூட அவளைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவளுடைய வழக்கு இன்னும் எடுக்கப்படாமலேயே இருக்கிறது.